டாப் ட்யூபில் முடியளவு கோடு: பெயின்டா, கார்பனா? ஞாயிறு நந்தி போகலாமா?

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா இதே யோசனையா இருக்கு, வேலையில மனசு நிக்கல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெங்களூர்ல மாரத்தஹள்ளி பக்கம் அபார்ட்மென்ட்ல இருக்கேன். கீழ பார்க்கிங்ல ஒரு தூண்ல சாய்ச்சுதான் சைக்கிளை வழக்கமா நிறுத்துவேன். செவ்வாய்க்கிழமை காலையில இறங்கிப் பாத்தா, பக்கத்துல இருந்த ஸ்கூட்டர் ஸ்டாண்ட் நழுவி என் சைக்கிள் மேல சாஞ்சு கிடக்கு. அதோட பிரேக் லீவர் முனை நேரா டாப் ட்யூப்ல, அதான் ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஓடற மேல் குழாய்ல. வாட்ச்மேன் அண்ணாவும் நானும் சேந்துதான் தூக்கி நிறுத்தினோம். ஸ்கூட்டர்காரர் வந்து மன்னிப்பு கேட்டார், நல்ல மனுஷர். அவர்மேல கோபம் இல்ல.

ஃப்ரேம், முன் சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க், ரெண்டும் கார்பன் ஃபைபர். மூணு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்டா 92,000 ரூபாய்க்கு வாங்கினது. ரெண்டு வருஷ போனஸை அப்படியே எடுத்து வச்சு வாங்கினேன். எங்க வீட்ல சைக்கிளுக்கு இவ்வளவான்னு இன்னும் கேக்கறாங்க.

இப்ப விஷயம். டாப் ட்யூப் இடது பக்கம், நடுவுல, சாய்வா ஒரு கோடு. 2 சென்டிமீட்டர் இருக்கும். முடி கிடக்கற மாதிரி இருந்துச்சு, விரலால தள்ளிப் பாத்தேன், போகல. அப்பதான் கோடுன்னு தெரிஞ்சது. நகத்தை ஓட்டினா லேசா தட்டுது. பள்ளம் எதுவும் இல்ல. பார்க்கிங்குள்ளயே ரெண்டு சுத்து ஓட்டிப் பாத்தேன், ஒரு சத்தமும் இல்ல.

ஞாயிறு எங்க குழு நந்தி மலைக்குப் போகுது. நான் போகலாமா? நாலு போட்டோ போட்டிருக்கேன்.

ஹெசரகட்டா காத்து

போட்டோ பாத்தேன் சிஸ்டர். எனக்கு அது கிளியர் கோட்ல விழுந்த கீறலாத்தான் தெரியுது. மேல பூசற லேக்கர் கண்ணாடி மாதிரி, லேசா அடி பட்டாலே கோடு விழும். என் வண்டியில சீட்டை இறுக்கற கிளாம்ப் பக்கத்துல அதே மாதிரி கோடு ரெண்டு வருஷமா இருக்கு. அதோட 9,000 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், ஒண்ணும் ஆகல. கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. உள்ள அமுங்கலைன்னா தைரியமா ஓட்டுங்க.

அல்சூர் ஏரிக்கரை

மேல எழுதின தம்பி நல்ல எண்ணத்துலதான் சொல்றார். ஆனா எனக்கு அது சரியாப் படல. அல்சூர்ல 14 வருஷமா சைக்கிள் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். போட்டோவைப் பாத்து "ஒண்ணுமில்ல"ன்னு சொல்ற தைரியம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வந்ததில்ல.

சீட் கிளாம்ப் பக்கம் வர்ற கோடு வேற, இந்தக் கோடு வேற. அங்க தினமும் இறுக்கற வேலை நடக்குது, அதனால பெயின்ட் வெடிக்கும். உங்களுக்கு நடந்தது கனமான வண்டியோட இரும்பு முனை, நடு ட்யூப்ல, பக்கவாட்டுல. ஃப்ரேம்லயே சுவர் மெல்லிசா இருக்கற இடங்கள்ல அது ஒண்ணு. பல வண்டியில 1 மில்லிமீட்டர் கிட்டதான் இருக்கும். ஓட்டும்போது வர்ற இழுவைக்கும் முறுக்கலுக்கும் ஏத்த மாதிரி கார்பனை லேயர் லேயரா அடுக்கியிருப்பாங்க. பக்கத்துல இருந்து ஒரு முனை வந்து குத்தினா தாங்கறதுக்கு இல்ல.

இன்னொண்ணு. ஸ்டீல் அடி வாங்கினா வளையும், அலுமினியம் நசுங்கும், ரெண்டும் கண்ணுக்குத் தெரியும். கார்பன் பழைய வடிவத்துக்கே திரும்பிடும். அதனால பள்ளம் இல்லைங்கறது நல்ல சேதியும் இல்ல, கெட்ட சேதியும் இல்ல.

ஞாயிறு போகாதீங்கம்மா. நந்தி ஏறும்போது பரவாயில்ல, வேகம் இருக்காது. இறங்கும்போது அந்த வளைவுகள்ல 50ல வருவீங்க. அங்க வச்சு தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இல்ல இது.

இன்னிக்கு ராத்திரி இதைப் பண்ணுங்க. சோப்புத் தண்ணியில ஃப்ரேமைக் கழுவி நல்லாத் துடைங்க. ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை ட்யூபோட ஒட்டினாப்ல, படுக்கை வாட்டத்துல அடிங்க. நேரா அடிச்சா எதுவும் தெரியாது. மேடு பள்ளம் நிழலாத்தான் காட்டும். அப்புறம் ஒரு பழைய பனியன் துணியால ட்யூப் முழுக்கத் தடவுங்க. கார்பன் இழை வெளிய வந்திருந்தா துணி நூல் மாட்டும். கோட்டோட ரெண்டு முனையிலயும் மெல்லிசா டேப் ஒட்டி வைங்க. கோடு டேப்பைத் தாண்டினா அது பெயின்ட் சமாசாரம் இல்ல.

வைகைக்கரை

ரொம்ப நன்றி அண்ணா. ஞாயிறு வரலைன்னு குழுவுல சொல்லிட்டேன். கழுவிட்டேன், துணி எங்கயும் மாட்டல. கட்டைவிரல் வச்சு அழுத்தினேன், கல்லு மாதிரி இருக்கு. டார்ச் அடிச்சதுல அந்தக் கோடு மட்டும்தான் தெரியுது. வலது பக்கம் கொஞ்சம் சாம்பல் நிறத்துல அழுக்கு இருந்துச்சு, துடைச்சும் முழுசாப் போகல, அவ்வளவுதான்.

அப்ப தப்பிச்சுட்டேனா?

கோலார் ரோடு

இதுக்குத்தான் நான் ஸ்டீல் வண்டியோட நின்னுட்டேன். நம்ம ரோட்டுக்குக் கார்பன் சரிப்படாதுங்கறது என் அபிப்ராயம். சர்ஜாபுரம் ரோட்ல ஒரு நாள் ஓட்டினாலே புரியும்.

ஹெசரகட்டா காத்து

அண்ணே, ரோடு குழியால கார்பன் போகாது. பிரான்ஸ்ல நடக்கற பாரி-ரூபே சைக்கிள் பந்தயத்துல கருங்கல் ரோட்லயே கார்பன் வண்டிதான் ஓட்டறாங்க. 2006ல அதே பந்தயத்துல ஜார்ஜ் ஹின்கபிங்கற அமெரிக்க வீரருக்கு ஓடிட்டிருக்கும்போதே ஹேண்டில் கையோட கழண்டு வந்துச்சு, தோள்ல அடி. உடைஞ்ச ஸ்டியரர், அதான் ஃபோர்க்கோட மேல் தண்டு, அலுமினியம். அன்னிக்கே முன்னாடி ஒரு தடவை விழுந்திருந்தார். எந்தப் பொருளா இருந்தாலும் அடி பட்டதுக்கு அப்புறம் பாக்காம ஓட்டினா இதுதான்.

இதை எழுதிட்டிருக்கும்போதே நான் முதல்ல சொன்னது தப்புன்னு தோணுது. சிஸ்டர், "தைரியமா ஓட்டுங்க"ன்னு சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன்.

பழைய பட்டறை

அன்புள்ள வைகைக்கரை அவர்களுக்கு,

நான் சைக்கிள்காரன் அல்ல. என் மகன் ஓட்டுகிறான், அவன்தான் இந்த உரையாடலைக் காட்டினான். பழைய விமான நிலையச் சாலைப் பக்கம் விமான உதிரிபாகப் பட்டறை ஒன்றில் கார்பன் லேயர் அடுக்கும் வேலையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் உருவான தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதலில் பறந்தது. அதன் உடல் எடையில் 45 விழுக்காடு கார்பன் கூட்டுப்பொருள். உங்கள் சைக்கிளும் அடிப்படையில் அதே பொருள்தான்: 7 மைக்ரான் தடிமனுள்ள இழை, அதைப் பிடித்து வைத்திருக்கும் எபாக்ஸி பிசின். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விமானத்தில் எங்களை அதிகம் பயமுறுத்தியது பெரிய விபத்து அல்ல. யாரோ ஒரு ஸ்பேனரைக் கை தவறிப் போட்டுவிட்டுச் சொல்லாமல் போவதுதான். மேலே ஒரு புள்ளிகூடத் தெரியாது. அடி உள்நோக்கிப் போகப் போக விரியும், கூம்பு போல. வெளி லேயர் முழுதாக இருக்கும். உள் லேயர்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருக்கும், கடைசி லேயரில் இழை அறுந்திருக்கும். ஓட்ட ஓட்ட அந்தப் பிரிவு பெரிதாகும்.

அதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மண்பானை வாங்கும்போது விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா? நல்ல பானை கணீர் என்று கேட்கும், கீறல் விட்ட பானை சத்தத்தை விழுங்கும். விமானக் கூடத்திலும் நாங்கள் அதையே செய்தோம், விரலுக்குப் பதில் நாணயம். இரண்டு ரூபாய் நாணயத்தின் விளிம்பால், ஒரே விசையில், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே போங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நல்ல இடம் "டிக்" என்று கூர்மையாகச் சொல்லும். பிரிந்த இடம் "பொத்" என்று மந்தமாகச் சொல்லும்.

இன்னும் முக்கியமான கேள்வி ஒன்று. ஸ்கூட்டர் இடதுபுறம் இடித்தது, சரி. அந்தப் பாரத்தை வலதுபுறத்தில் எது தாங்கியது? சைக்கிள் சாய்ந்திருந்தது தூணில். தூணின் விளிம்பு எங்கே பட்டது என்று பார்த்தீர்களா? துடைத்தும் போகாத சாம்பல் அழுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

ஹெசரகட்டா காத்து

ஐயா, ஒரு சந்தேகம். சைக்கிள் ஃப்ரேம்ல எல்லா இடத்துலயும் ஒரே தடிமன் இல்லையே. ஜாயின்ட் பக்கம் போகப் போக லேயர் கூடும், சத்தம் தானா மாறும். உள்ள ஓடற கேபிள் வேற ட்யூப்ல மோதிச் சத்தம் போடும். தட்டிப் பாத்துக் குழம்பினவங்க நிறைய.

பழைய பட்டறை

தம்பி கேட்டது நியாயம். அதனால்தான் ஓரிடத்துச் சத்தத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. சத்தம் மெதுவாக மாறினால் தடிமன் மாறுகிறது என்று பொருள். ஒரு சென்டிமீட்டருக்குள் சட்டென்று மாறினால் அது வேறு. மாறிய இடத்துக்கு நேர் எதிரே, மறுபுறம் அதே உயரத்தில் தட்டி ஒப்பிடுங்கள். இரண்டு புறமும் ஒரே சத்தம் என்றால் அது வடிவமைப்பு. ஒரு புறம் மட்டும் மந்தம் என்றால் நிறுத்திவிடுங்கள். கேபிள் இரையாமலிருக்க யாரையாவது கேபிளை முனையில் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

தட்டிப் பார்ப்பது கெட்டதைக் காட்டும். நல்லது என்று சான்றிதழ் தராது. அதற்கு அல்ட்ராசவுண்ட் போன்ற கருவி வேண்டும்.

வைகைக்கரை

ஐயா, கை இன்னும் நடுங்குது, எழுதறேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல, தெரு அடங்கினதுக்கு அப்புறம் உக்காந்தேன். ரூம்மேட் கேபிளைப் பிடிச்சுக்கிட்டா. இடது பக்கம் அந்தக் கோட்டைச் சுத்தி தட்டினேன். டிக், டிக், டிக். கோட்டு மேலயே தட்டினேன், அதே டிக். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுட்டோம்.

அப்புறம் வலது பக்கம். ஹேண்டில்ல இருந்து சீட் பக்கமா வந்தேன். அந்தச் சாம்பல் அழுக்குக்கு வந்ததும் சத்தம் செத்துப் போச்சு. டிக், டிக், பொத், பொத், டிக். ரூம்மேட்டுக்கு இதைப் பத்தி எதுவும் தெரியாது. அவளே "ஏய், இங்க என்னமோ மாதிரி இருக்குடி"ன்னா. அதே உயரத்துல இடது பக்கம் தட்டினேன், நல்ல சத்தம். மறுபடி வலது, பொத். ஒரு ரூபாய் காசு அளவு இடம்தான். அங்க கட்டைவிரலை வச்சு அழுத்தினப்போ அமுங்கல, ஆனா உள்ள இருந்து அப்பளத்துல விரிசல் விடற மாதிரி ரொம்பச் சின்னதா ஒரு சத்தம் வந்துச்சு. திரும்ப அழுத்தற தைரியம் இல்ல.

காலையில கீழ போய்த் தூணைப் பாத்தேன். கார் இடிக்காம இருக்க மூலையில இரும்பு ஆங்கிள் அடிச்சு மஞ்சள் கறுப்பு பெயின்ட் பூசியிருக்காங்க. என் டாப் ட்யூப் உயரத்துல அந்த ஆங்கிள்ல பெயின்ட் உரிஞ்சு இரும்பு தெரியுது. அழுக்குன்னு நினைச்சது அந்த இரும்புத் தடம்.

மூணு நாளா நான் பாத்துக்கிட்டிருந்தது தப்பான பக்கம்.

அல்சூர் ஏரிக்கரை

கண்டுபிடிச்சது உங்க காதுதான்மா, நல்ல வேளை. அந்த இடத்தை இனிமே அழுத்தாதீங்க, தட்டாதீங்க. சைக்கிள்ல ஏறவே ஏறாதீங்க. கடைக்குக் கொண்டு போறதுன்னாலும் வண்டி வச்சுக் கொண்டு போங்க. சக்கரம் ரெண்டையும் கழட்டிப் பின்சீட்ல படுக்க வைக்கலாம், கீழ போர்வை போட்டுக்குங்க. காருக்குப் பின்னாடி மாட்டற ரேக்ல டாப் ட்யூபைக் கவ்வற மாதிரி மாட்டிடாதீங்க. ரிப்பேர் ஸ்டாண்ட்லயும் அப்படித்தான், எப்பவும் சீட் போஸ்டைத்தான், அதான் சீட்டைத் தாங்கற தண்டைத்தான் கவ்வணும்.

வழி என்னன்னு சொல்றேன். கம்பெனி வாரன்டி பொதுவா தயாரிப்புக் குறைக்குத்தான், இடிச்சதுக்கு வராது. விழுந்த ஃப்ரேமுக்குப் புதுசு தள்ளுபடியில தர்ற திட்டம் சில கம்பெனியில உண்டு, ஆனா அது பெரும்பாலும் முதல்ல வாங்கினவருக்குத்தான். நீங்க ரெண்டாவது ஆள். ஒரு மெயில் போட்டுப் பாருங்க, செலவு இல்லையே.

அடுத்தது ரிப்பேர். டாப் ட்யூப் ரிப்பேர் பண்ண ஏத்த இடம், நேர் ட்யூப், கை போகும். ஊர்ல கார்பன் வேலை பண்றவங்க இருக்காங்க. நான் பண்றதில்ல, எனக்கு அந்தப் படிப்பு இல்ல. யார்கிட்ட கொடுத்தாலும் முன்னாடியே ரெண்டு கேள்வி கேளுங்க: கெட்ட லேயரை எவ்வளவு தூரம் தேய்ச்சு எடுப்பீங்க, லேயரை எதை வச்சு அழுத்திக் காய வைப்பீங்க? பதில் தடுமாறினா வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

ஃபோர்க், ஸ்டியரர், ஹேண்டில்பார், சீட் போஸ்ட், இந்த நாலுல சந்தேகம் வந்தா நான் ரிப்பேர் பண்ணச் சொல்லவே மாட்டேன். மாத்திடணும். உடைஞ்சா முகம்தான் முதல்ல தரையில படும். அதனால வந்த வேலையோட ஸ்டெம்மை, அதான் ஹேண்டிலை ஸ்டியரரோட இணைக்கற துண்டைக் கழட்டி ஸ்டியரரையும் பாத்துடுங்க. ஸ்கூட்டர் சாஞ்சதுல ஹேண்டிலும் தூண்ல முறுக்கியிருக்கும்.

கோலார் ரோடு

நான் முன்னாடி எழுதினது இந்த நேரத்துல உதவாத பேச்சு, மன்னிச்சுக்குங்க. கார் வேணும்னா சொல்லுங்க, சனிக்கிழமை காலையில ஃப்ரீயா இருக்கேன். மாரத்தஹள்ளி எனக்குப் பக்கம்தான்.

மழைக்கால சைக்கிள்

இன்டர்நெட்ல கார்பன் துணியும் எபாக்ஸியும் சேத்து செட்டாவே கிடைக்குது. மேல சுத்திப் பூசிட்டா ஆச்சு, மூவாயிரத்துல முடிஞ்சுடும். வீடியோ பாத்து நாமளே பண்ணலாமே?

பழைய பட்டறை

தயவுசெய்து வேண்டாம். உடைந்த எலும்பின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவது போன்றது அது. உள்ளே பிரிந்த லேயர் பிரிந்தபடியே இருக்கும். மேலே ஒட்டியது பளபளப்பாக இருப்பதால் பிறகு யாருக்கும் உள்ளே இருப்பது தெரியவும் தெரியாது.

முறை இதுதான். கெட்ட இடத்தைத் தாண்டி, நல்ல கார்பன் வரும்வரை படிப்படியாகச் சரிவு வைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு ரூபாய் அளவு சேதத்துக்கு உள்ளங்கை அகலம் தேய்த்தாலும் வியப்பில்லை. ஒட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு பலம். எந்த லேயர் எந்தக் கோணத்தில் இருந்ததோ, புது லேயரையும் அதே கோணத்தில் வைக்க வேண்டும். இழை தன் நீளவாக்கில்தான் பாரம் தாங்கும், திசை மாறினால் கெட்டியாக இருந்தும் பயனில்லை. பிறகு வெற்றிடப் பையிலோ சுருங்கும் டேப்பிலோ இறுக்கி, பிசினுக்கேற்ற சூட்டில் பதப்படுத்த வேண்டும். இடையில் காற்றுக்குமிழ் நின்றுவிட்டால் அந்த இடத்திலிருந்தே மறுபடி பிரியத் தொடங்கும்.

தேய்க்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். வீட்டில், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யவே கூடாது. நல்ல மாஸ்க், கையுறை, தண்ணீர் விட்டுத் தேய்ப்பது எல்லாம் பட்டறையில் கட்டாயம்.

மழைக்கால சைக்கிள்

புரிஞ்சது ஐயா. நன்றி.

தாசரஹள்ளி

நான் இதே மாதிரி ஒரு வண்டியை வாங்கி ஏமாந்தவன், அதனால ஒண்ணு சொல்லணும். எனக்கு வித்தவர் அடி பட்ட இடத்துல அழகா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். ரெண்டு மாசம் கழிச்சு ஸ்டிக்கர் ஓரம் தூக்கினப்பதான் கீழ இருந்த விரிசலைப் பாத்தேன். அந்த ரெண்டு மாசத்துல என் பொண்ணை முன்னாடி சீட்ல வச்சுக்கூட ஓட்டியிருக்கேன். இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையுது. ரிப்பேர் பண்ணாலும் சரி, பண்ணாம வித்தாலும் சரி, வாங்கறவர்கிட்ட இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லிடுங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க ஸ்டிக்கர், கீறல் விழாம ஒட்டற ஃப்ரேம் கார்டு எல்லாத்தையும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. எடுக்க மாட்டேன்னா வாங்காதீங்க.

வைகைக்கரை

விக்கற எண்ணமே இல்லைங்க. வித்தா கண்டிப்பா சொல்லித்தான் விப்பேன்.

வைகைக்கரை

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாரும் கேட்டிருந்தீங்க, இப்பதான் வண்டி கைக்கு வந்துச்சு.

கோலார் ரோடு அண்ணா சொன்ன மாதிரியே சனிக்கிழமை காரோட வந்துட்டார். ரிப்பேர்காரர்கிட்ட அந்த ரெண்டு கேள்வியையும் கேட்டேன். அவர் பதில் சொல்லாம உள்ள போய், அறுத்து வச்சிருந்த ஒரு பழைய ட்யூபைக் கொண்டு வந்து சரிவு எப்படி வைப்பார்னு காட்டினார். அங்கயே நம்பிக்கை வந்துடுச்சு.

பெயின்டை எடுக்கும்போது நான் கூடவே நின்னேன். இடது பக்கக் கோடு லேக்கரோட போயிடுச்சு, கீழ கார்பன் சுத்தமா இருந்துச்சு. வலது பக்கம் பெயின்டை எடுத்தா மேல பெரிசா எதுவும் இல்ல, ஒரு வெள்ளைத் தழும்பு மாதிரி, அவ்வளவுதான். சீட் போஸ்டைக் கழட்டிட்டு எண்டாஸ்கோப் கேமராவை உள்ள விட்டார். சின்ன ஸ்கிரீன்ல பாத்தேன். உள் சுவர்ல இழைங்க அறுந்து, துடைப்பக்குச்சி நுனி மாதிரி சிலிர்த்துக்கிட்டு நிக்குது. வெளிய ஒரு ரூபாய் அளவு, உள்ள அஞ்சாறு சென்டிமீட்டர் நீளம். பழைய பட்டறை ஐயா கூம்புன்னு சொன்னது அப்படியே கண் முன்னாடி இருந்துச்சு.

ஸ்டியரர் நல்லா இருக்கு. ஹேண்டில்பார்ல லீவர் கிளாம்ப் பக்கத்துல ஒரு பள்ளம் இருந்துச்சு, யோசிக்காம மாத்திட்டேன், அலுமினியம் போட்டாச்சு. ரிப்பேருக்கு 11,500 ஆச்சு, 12 நாள். கம்பெனிக்குப் போட்ட மெயிலுக்கு, முதல் உரிமையாளர் பில் வேணும்னு பதில் வந்துச்சு, அதோட விட்டுட்டேன். பெயின்ட் மட்டும் பூச வேண்டாம்னு சொல்லிட்டேன். லேக்கர் மட்டும் அடிச்சு, கார்பன் தெரியற மாதிரியே இருக்கு. அந்த இடத்தை நான் தினமும் பாக்கணும்.

நேத்து காலையில கனகபுரா ரோட்ல 30 கிலோமீட்டர் மட்டும் போனேன், மெதுவா. வீட்டுக்கு வந்ததும் தட்டிப் பாத்தேன். சத்தம் டிக்குன்னுதான் இருக்கு, ஆனா முன்னாடி இருந்ததைவிடக் கொஞ்சம் கனமான டிக். இது சரிதானா ஐயா?

பழைய பட்டறை

சரிதான் அம்மா. அங்கே இப்போது லேயர் கூடுதல், அதனால் கனமாகக் கேட்கும். இன்றைய சத்தத்தைப் போனில் பதிவு செய்து வையுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை அதே நாணயத்தால் தட்டி ஒப்பிடுங்கள். ஒட்டின் ஓரங்களில் கூடுதல் கவனம் வையுங்கள், பிரிந்தால் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஹெசரகட்டா காத்து

இந்தப் பேச்சைப் படிச்சதுக்கு அப்புறம் என் வண்டி ஸ்டெம்மைக் கழட்டினேன். கார்பன் ஸ்டியரர்ல ஸ்டெம் போல்ட் இருக்கற இடத்துல வரி வரியாத் தடம். ஆறு வருஷமா வெறும் ஆலன் கீயால கை போன போக்குல இறுக்கினதோட பலன். அல்சூர் அண்ணா, ஃபோர்க்கைக் கொண்டு வந்தா பாப்பீங்களா?

அல்சூர் ஏரிக்கரை

கொண்டு வாங்க தம்பி, அதுவரைக்கும் ஓட்டாதீங்க. ஸ்டெம் மேலயே இறுக்கற அளவு 5 நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கும், அதுக்கு மேல ஒரு நூல் போகக்கூடாது. இறுக்கற அளவைக் காட்டற டார்க் ரெஞ்ச் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கிட்ட கேளுங்க, கார் ரெஞ்ச் வாங்கிடாதீங்க, அதுல 5 கிட்ட அளவு சரியாக் காட்டாது.

வைகைக்கரை, புது ஹேண்டில் போட்டு 30 கிலோமீட்டர் ஓட்டியாச்சுல்ல, போல்ட் எல்லாம் ஒரு தடவை திரும்பப் பாக்கணும். ஞாயிறு பத்து மணிக்கு மேல கடையில இருப்பேன், ரெண்டு பேரும் வாங்க. வண்டியை இப்ப எங்கம்மா நிறுத்தறீங்க?

வைகைக்கரை

ஹால்ல, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல அண்ணா. ஞாயிறு வர்றேன்.